மண்ணுக்குள் வில்லங்கம் – 17: அஷ்டபோகத்தில் எழுதாதது

போன வாரம், வில்லங்கச் சான்றில் மண்ணின் நோய் ஏறாது என்று முடித்திருந்தேன். பதிவான கிரயம், அடமானம் எல்லாம் வரும். ஆலைக்காரர் புதைத்துவிட்டுப் போன சகதி வராது. புதிதாகச் சேர்ந்தவர்கள் பழைய இதழை யாரிடமாவது வாங்கிப் படித்துக்கொள்ளுங்கள். ஆலை நின்றுபோன நிலத்தை வாங்குகிறவர் ஒப்பந்தத்தில் என்னென்ன ஷரத்துகளைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதை இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். எழுதத்தான் போகிறேன். அதற்குள் அஷ்டபோகம் குறுக்கே வந்துவிட்டது.

ஆலங்குடிப் பக்கம் ஒரு வீட்டில் பழைய கிரயப் பத்திரம் ஒன்று பார்க்கக் கிடைத்தது. நான்கு மால் சொல்லி, பரப்பளவு சொல்லி, தொகை ரொக்கமாகப் பற்றிக்கொண்டதைச் சொல்லி முடித்ததும் எழுத்தருக்கு ஒரு வேகம் வந்துவிடுகிறது. நிதி, நிட்சேபம், ஜலம், பாஷாணம், அட்சிணி, ஆகாமி, சித்தம், சாத்தியம் என்று ஒரே மூச்சில் எட்டையும் கொட்டி, இந்த அஷ்டபோகங்களோடும் நிலத்தைப் புத்திர பௌத்திர பாரம்பரியமாக ஆண்டு அனுபவித்துக்கொள்ளச் சொல்கிறார். உங்கள் தாத்தா வீட்டு டிரங்குப் பெட்டியிலும் இது இருக்கும். எடுத்துப் பாருங்கள்.

நிதி என்றால் புதையல். நிட்சேபம், யாரோ பத்திரமாக வைத்துப்போன பொருள். பிறகு தண்ணீர், கல். அதன்பின் இப்போது வருகிற பலன், இனி வரப்போகிற பலன், ஏற்கெனவே விளைந்தது, முயன்றால் விளையக்கூடியது. சில பத்திரங்களில் தரு என்று மரத்தையும் சேர்த்து ஒன்பதாக எழுதிவிட்டு அஷ்டபோகம் என்றே கணக்குச் சொல்லியிருப்பார்கள். யாரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இது பத்திர எழுத்தர்கள் கண்டுபிடித்த வழக்கமும் அல்ல. சோழர், பாண்டியர் காலக் கல்வெட்டுகளில் நிலம் கைமாறும்போது மேல்நோக்கின மரமும் கீழ்நோக்கின கிணறும் சேர்த்தே கொடுக்கப்படும். உடும்பு ஓடிய இடம், ஆமை தவழ்ந்த இடம் எல்லாம் உள்பட. புதுக்கோட்டை சமஸ்தானம் தன் எல்லைக்குள் கிடைத்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகளின் பாடங்களை 1929-இல் தொகுத்து அச்சிட்டது. நிலம் எப்படிக் கைமாறியது என்று பார்க்க நினைக்கிறவர்களுக்கு அது பெரிய சுரங்கம். நான் அதற்குள் இறங்கினால் இந்தத் தொடர் முடியாது. ஆசிரியர் ஏற்கெனவே இரண்டு தடவை போன் செய்துவிட்டார்.

என்னைப் பிடித்துக்கொண்ட விஷயம் இதுதான். எட்டில் ஒன்றுகூடக் கெடுதல் இல்லை. மண்ணுக்குள் இருப்பது எதுவானாலும் லாபம் என்ற நம்பிக்கையில் எழுதிய பட்டியல் அது. சட்டமோ அந்த லாபங்களை ஒவ்வொன்றாக எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது. 1878-ஆம் ஆண்டு புதையல் சட்டப்படி, 10 ரூபாய் மதிப்புக்கு மேல் புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். எண்ணெயும் எரிவாயுவும் 1948-ஆம் ஆண்டு எண்ணெய் வயல்கள் சட்டத்துக்குள் போய்விட்டன; பட்டாதாரருக்கு அதில் பங்கில்லை. நிதியும் போச்சு, நிட்சேபமும் போச்சு. ‘பிறகு எதற்கு இதை எழுதுகிறீர்கள்?’ என்று ஒரு மூத்த பத்திர எழுத்தரைக் கேட்டேன். “எழுதலன்னா வாங்குறவுக மனசு ஒப்ப மாட்டாக, தம்பி” என்றார்.

சரி, கெடுதல் இருந்தால் அது யாருக்கு?

புதுக்கோட்டை மாவட்டத்தில் இந்தக் கேள்வி ஏட்டுக் கேள்வி இல்லை. ஓ.என்.ஜி.சி. பல ஆண்டுகளுக்கு முன்பே நல்லாண்டார்கொல்லை, வாணக்கன்காடு, கோட்டைக்காடு போன்ற ஊர்களில் விவசாயிகளிடம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் சோதனைக் கிணறுகள் போட்டிருந்தது. 2017 பிப்ரவரி 15 அன்று மத்திய அமைச்சரவைக் குழு எண்ணெய், எரிவாயு எடுக்க நாடு முழுவதும் 31 ஒப்பந்தப் பகுதிகளுக்கு ஒப்புதல் கொடுத்தபோது, நெடுவாசல் கர்நாடகத்தைச் சேர்ந்த ஜெம் லேபரட்டரீஸ் நிறுவனத்துக்குப் போனது. மார்ச் 27 அன்று டெல்லியில் கையெழுத்தும் ஆனது. அதற்கு முன்பே நெடுவாசலில் ஊர் திரண்டு அதை எதிர்த்துப் போராட்டப் பந்தலில் உட்கார்ந்துவிட்ட கதை உங்களுக்குத் தெரியும்.

தெரியாமல் போனது அதன் பத்திரப் பக்கம். டெல்லியில் போட்ட கையெழுத்து மட்டும் போதாது. ஓ.என்.ஜி.சி. பெயரில் இருந்த குத்தகையை மாநில அரசு புது நிறுவனத்தின் பெயருக்கு மாற்றித் தர வேண்டும். மாற்றித் தரவில்லை. கடைசியில் அந்த நிறுவனமே வேறு இடம் கேட்டு எழுதியது. பந்தலில் உட்கார்ந்தவர்களின் பலம்தான் அந்தப் பெயர் மாற்றத்தை நிறுத்தியது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் ஒரு பெயர் மாற்றம் எத்தனை பெரிய பூட்டு என்று பாருங்கள்! 2020-இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் திருவரங்குளம், கறம்பக்குடி, அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி ஆகிய ஐந்து ஒன்றியங்களை உள்ளே சேர்த்து இன்னொரு பூட்டும் போட்டது. அதற்கு முன்பே நடந்துகொண்டிருந்த பணிகளை அது தொடாது.

கிணறு போட்ட நிலத்தைப் பழையபடி ஆக்கித் திருப்பித் தர வேண்டும் என்பது போராட்டக்காரர்களின் கோரிக்கைகளில் ஒன்று. 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 108-ஆவது பிரிவும் ஏறத்தாழ அதையே சொல்கிறது. குத்தகைதாரர் நிலத்தை எந்த நிலையில் வாங்கினாரோ, நியாயமான தேய்மானம் போக, அதே நல்ல நிலையில் திருப்பிக் கொடுக்க வேண்டும். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. பழைய நிலை என்ன என்பதற்குச் சாட்சி எது? குத்தகைக்கு விடுகிற அன்றே மேல்மண்ணையும் அடிமண்ணையும் கிணற்றுத் தண்ணீரையும் எடுத்து, ஆய்வகத்தில் கொடுத்து, அந்த அறிக்கையைப் பத்திரத்தோடு இணைத்து இரு தரப்பும் கையெழுத்துப் போட்டால்தான் பின்னால் பேச முடியும். இல்லாவிட்டால், ‘உங்கள் மண்ணே அப்படித்தான்’ என்பார்கள். இந்த ஒரு யோசனையையாவது இந்த வாரமே கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

குத்தகைக்கு அது. விலைக்கு வாங்குகிறவருக்கு அதே சட்டத்தின் 55-ஆவது பிரிவு. தனக்குத் தெரிந்த, வாங்குகிறவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்ணுக்குப் படாத முக்கியமான குறை சொத்தில் இருந்தால், விற்கிறவர் அதைச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் மறைத்தால் மோசடி. ஆலைக் கொல்லையில் புதைத்த கழிவுக்கு இதைவிடப் பொருத்தமான வாசகம் வேண்டுமா? ஆனால் அந்தப் பிரிவின் வாசலிலேயே ஒரு காவல்காரன் நிற்கிறான்: வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாத பட்சத்தில். வங்கிகள் கடனுக்குப் பிடித்த ஆலைகளை ஏலம் விடும் விளம்பரங்களைப் பாருங்கள். உள்ளது உள்ளபடி, உள்ள இடத்தில், என்ன இருக்கிறதோ அதோடு என்று மூன்று முறை கை கழுவியிருப்பார்கள். இந்த மூன்றும் 55-ஆவது பிரிவு தருகிற பாதுகாப்பைக் கரைக்கத்தான். ஏலத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பு மண்ணைச் சோதிக்க அனுமதி கேளுங்கள். மறுத்தால் அந்த மறுப்பே ஒரு தகவல்.

கெடுத்தவரே செலவழிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் வேலூர் தோல் ஆலை வழக்கில் சொல்லிவிட்டதே என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். சொன்னதுதான். கெடுத்தவர் இருந்தால் செலவழிப்பார். அதே வட்டாரத்தில், ராணிப்பேட்டையில், தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் 1975-இல் தொடங்கி இருபது ஆண்டு ஓடிவிட்டு மூடிக்கொண்டது. ஒன்றரை லட்சம் டன்னுக்குக் குறையாத குரோமியக் கழிவு அங்கேயே மலையாகக் கிடந்து நிலத்தடி நீரில் இறங்கியது. 2006-இல் பிளாக்ஸ்மித் என்ற அமெரிக்க அமைப்பு உலகின் மிக மாசுபட்ட பத்து இடங்களில் ஒன்றாக ராணிப்பேட்டையைச் சேர்த்தது. மூடிப்போன கம்பெனியிடம் எந்தக் காசோலையை வாங்குவது?

2025 ஜூலையில் மத்திய அரசு மாசடைந்த இடங்களுக்கென்றே தனி விதிகள் கொண்டுவந்தது. சந்தேகமான இடங்களைக் கண்டறிவது, சோதிப்பது, பொறுப்பாளி யார் என்று முடிவு செய்வது எல்லாம் அதில் உண்டு. நல்ல தொடக்கம். ஆனால் கதிரியக்கக் கழிவு, கடலில் எண்ணெய், குப்பைக் கிடங்கு ஆகியவற்றோடு சுரங்கப் பணியால் வந்த மாசும் அந்த விதிகளுக்கு வெளியே. எண்ணெய்க் கிணறு சுரங்கமா, இல்லையா? வக்கீல்களுக்கு இன்னும் பல வருட வேலை இருக்கிறது.

இடம் தீர்ந்துகொண்டே வருகிறது, சொன்ன ஷரத்துகளை இன்னும் தொடவில்லை. அதற்கு அமெரிக்கா போயாக வேண்டும். நயாகரா ஃபால்ஸ் நகரில் ஹூக்கர் கெமிக்கல் என்ற கம்பெனி, அடியில் 20,000 டன்னுக்கு மேல் ரசாயனக் கழிவு புதைத்த நிலத்தை 1953-இல் பள்ளி வாரியத்துக்கு ஒரே ஒரு டாலருக்கு விற்றது. கழிவு நிரப்பிய நிலம் என்பதையும், அதனால் யாருக்குக் காயமோ சாவோ வந்தாலும் கம்பெனியிடம் வரக்கூடாது என்பதையும் கிரயப் பத்திரத்திலேயே எழுதி வாங்கிக்கொண்டது. வாரியம் அந்த நிலத்தில் பள்ளிக்கூடம் கட்டியது. 1978-இல் அங்கே நெருக்கடி நிலை அறிவித்தார்கள். 1980-இல் புதுச் சட்டம் வந்தது. அந்தச் சட்டம், கெடுத்தது யாராயினும் இன்றைய உரிமையாளரையும் பிடித்தது. வாங்க ஆளில்லாமல் ஆலை நிலங்கள் காய்ந்தபோது, 1989 முதல் அரசே வாங்குகிறவரோடு உட்கார்ந்து ஒப்பந்தம் போடத் தொடங்கியது: நீ இவ்வளவு சுத்தம் செய், அல்லது இவ்வளவு பணம் கட்டு, பழைய அழுக்குக்காக உன்மேல் வழக்குப் போட மாட்டோம்.

அந்த ஒப்பந்தத்தின் ஷரத்துகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, அவற்றில் எதை நம் ஊர்க் கிரயப் பத்திரத்தில் எழுத முடியும், எதை எழுதினால் செல்லாது என்பதை அடுத்த வாரம் பார்க்கலாம். கொடைக்கானல் பாதரச ஆலைக்கும் அங்கே வேலை இருக்கிறது: நிலத்தை வாங்காமல் கம்பெனியை வாங்கினால் அழுக்கும் சேர்ந்தே வருமா என்று.