'எக்ஸ்பொனென்ஷியல்'னா செம வேகம்னு அர்த்தமா?

ஆபீஸ் மீட்டிங்கில் 'எக்ஸ்பொனென்ஷியல் குரோத்' என்று யாராவது சொன்னால், 'செம வேகம்போல' என்று தலையாட்டிவிடுகிறோம். வேகம் இல்லைங்க மேட்டர். கையில் எவ்வளவு இருக்கிறதோ, அதற்கு ஏற்ற விகிதத்தில் கூடிக்கொண்டே போவதுதான் எக்ஸ்பொனென்ஷியல். ஆரம்பத்தில் ஆமை வேகமாகக்கூட இருக்கலாம்.

சம்பளம் வருஷாவருஷம் 2,000 ரூபாய் ஏறினால், அது 'லீனியர்'. கிரெடிட் கார்டு பாக்கி அப்படியில்லை. 10,000 ரூபாய் பாக்கி, மாதம் 3.5% வட்டி என்று வையுங்கள். முதல் மாதம் கூடுவது 350 ரூபாய்தான். அடுத்த மாதம் அந்த 350-க்கும் வட்டி! எதுவுமே கட்டாமல் விட்டால், அபராதம் சேர்க்காமலேயே 20 மாதங்களில் கிட்டத்தட்ட 20,000. 'வட்டி குட்டி போடுது' என்று வீட்டில் பெரியவர்கள் புலம்புவார்களே, அதேதான்.

அப்புறம், ஒரே ஒரு மாதம் சேல்ஸ் எகிறியதற்கெல்லாம் ரிப்போர்ட்டில் 'எக்ஸ்பொனென்ஷியலி' என்று எழுதிடாதீங்க. 'ஷார்ப்லி' போதும்.