சாப மோதிரமும் மறைச்சு உருட்டுற பகடையும்

நெய்வேலி டவுன்ஷிப்ல இருந்து ஒரு கேள்வி: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்ல டன்ஜன் மாஸ்டர் பகடையை மறைச்சு உருட்டலாமா? சாபம் இருக்குற மோதிரத்தை எப்படிக் கொடுக்கறது?

மோதிரத்தைச் சோதிக்கும்போது கண்ணெதிர்ல 2 விழுந்தா, "ஒண்ணும் தெரியல"ங்கிற பதிலை ஆட்டக்காரர் நம்பமாட்டார். அதனாலதான் 2019-ல் வந்த பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பு, சில உருட்டல்களை ரகசியம்னே குறிக்குது. ஆனா பகடைன்னா நமக்கு சகுனி ஞாபகம் வரும். அதனால எதையெல்லாம் மறைப்பீங்கன்னு முதல் நாளே சொல்லிடுங்க. விழுந்த எண்ணை மாத்தாதீங்க.

அடுத்து, சாபம். 2014 விதிகளின்படி, ஐடென்டிஃபை மந்திரம் போட்டாலும் பொதுவா சாபம் தெரியாது. துப்பு கொடுக்கிறது உங்க பொறுப்பு. நெய்வேலி சுரங்கத்துல பழுப்பு நிலக்கரிக்கு அடியில தண்ணி அழுத்தத்தோட நிக்குது. விடாம இறைச்சாதான் தோண்ட முடியும். சாபத்தையும் அப்படிக் கொஞ்சம் கொஞ்சமா வெளியே விடுங்க. முதல்ல, மோதிரம் போட்டவரோட நிழல் ஒரு நொடி தாமதமா நகரட்டும். அடுத்த வாரம், அது கழட்ட வராம இறுகட்டும். ரிமூவ் கர்ஸ் போடக்கூடிய ஒரு பூசாரியையும் கதைக்குள்ள வைங்க.

அப்போ சாபம் வெடிக்கும்போது, "ஏமாத்திட்டீங்க"ன்னு யாரும் சொல்லமாட்டாங்க. "அந்த நிழலைப் பார்த்தப்பவே யோசிச்சிருக்கணும்"னுதான் சொல்வாங்க.