பெயர்ப்பலகைகள் – 17: ராணி பெயரில் ஆஸ்பத்திரி, போதி பெயரில் வார்டு

ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கிறவர்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு மட்டும் ஏன் கொடுப்பதில்லை என்ற கேள்வியோடு போன வாரம் நிறுத்தினேன். அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியின் முதல் 12 படுக்கைகளும் வேலூர் ஐடா ஸ்கடரும் முன்பே வந்தாயிற்று. புதிதாகச் சேர்ந்தவர்கள் பழைய இதழ்களைத் தேடிப் பிடித்துக்கொள்ளட்டும். இந்த வாரம் இணையத்தில் பணம் திரட்டுகிறவர்களைப் பற்றி எழுதுவதாகத்தான் பேச்சு. அதில் முதன்மையான மிலாப் 2010இல் தொடங்கியதே பெங்களூரில்தான் என்பதால் ஊரும் தோதாக அமைந்திருந்தது. குறிப்பெல்லாம் எடுத்து வைத்துவிட்டேன். அதற்குள் மகாபோதி குறுக்கே வந்து நின்றுவிட்டது.

பெங்களூரில் கே.ஆர். மார்க்கெட் பக்கம் போனவர்களுக்கு விக்டோரியா ஆஸ்பத்திரி தெரிந்திருக்கும். விக்டோரியா மகாராணி பட்டத்துக்கு வந்து 60 ஆண்டு நிறைந்ததைக் கொண்டாட 1897 ஜூன் 22 அன்று அடிக்கல் போட்டார்கள். போட்டவர் அப்போது மகனுக்காக மைசூரை ஆண்டுகொண்டிருந்த மகாராணி கெம்பநஞ்சம்மண்ணி. மறு வருடமே ஊரில் பிளேக் புகுந்தது. 1900 டிசம்பர் 8 அன்று வைஸ்ராய் கர்சன் பிரபு வந்து திறந்து வைத்தார். பக்கத்தில் கண் ஆஸ்பத்திரி, அது இன்னொரு வைஸ்ராயான மிண்டோ பெயரில். பிரசவத்துக்கும் குழந்தைகளுக்கும் வாணி விலாஸ். அடிக்கல் நாட்டிய அதே மகாராணியின் பட்டப் பெயர் அது. ஆக அந்த வட்டாரத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ராஜாங்கம்தான்.

இத்தனை பேருக்கும் நடுவில் தீக்காயப் பிரிவின் பெயர் மட்டும் மகாபோதி.

இந்தத் தொடரில் இதுவரை பார்த்த எந்தப் பலகையும் என்னை இப்படிப் பிடித்து நிறுத்தியதில்லை. கட்டிக்கொடுத்தவர்கள் பெங்களூர் மகாபோதி சங்கத்தார். காந்திநகரில் இருக்கிற புத்த விகாரைக்காரர்கள். அவர்கள் வைத்த முழுப் பெயரில் தீக்காயத்தோடு கேஷுவால்ட்டியும் சேர்ந்தே வருகிறது. கேஷுவால்ட்டி என்ற சொல்லைக் கொடையாளர் தன் பெயருக்குப் பக்கத்தில் விரும்பிப் போட்டுக்கொண்டதை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

சங்கத்தை 1956இல் தொடங்கியவர் ஆச்சாரிய புத்தரக்கித பிக்கு. 1922இல் மணிப்பூரின் இம்பாலில் பிறந்தவர். 1949இல் குசிநாராவில் துறவு பூண்டார், ஏழே வருடத்தில் பெங்களூரில் விகாரை அமைத்தார். 2013இல் மறையும் வரை இந்த ஊர்தான் அவருக்கு எல்லாம். புத்தர் பரிநிர்வாணம் அடைந்த ஊரில் சீவர ஆடை ஏற்றவர், தெற்கே வந்து, தீயில் வெந்தவர்களுக்கு ஒரு கட்டடம் எழுப்ப ஊராரிடம் கையேந்தியிருக்கிறார். பிக்கு என்றாலே கையேந்துகிறவர்தான். ஆனால் திருவோட்டில் விழுவது அன்றைய சோறு. இவர் கேட்டதோ அரசாங்க ஆஸ்பத்திரிக்குள் ஒரு பிரிவு.

மகாபோதி என்ற பெயர் நமக்கும் புதிதில்லை. சென்னை எழும்பூர் கென்னட் லேனில் ரயிலைப் பிடிக்க ஓடும்போது அந்தப் பலகையைத் தாண்டியிருப்பீர்கள். மூலச் சங்கத்தை 1891இல் கொழும்பில் நிறுவியவர் அநகாரிக தர்மபாலர். அவருக்கு வாய்த்த கொடையாளரின் கதை தனி அத்தியாயத்துக்கே தாங்கும். சிகாகோ சர்வமத மாநாட்டுக்கு 1893இல் போனவர், திரும்பும் வழியில் கப்பல் ஹொனலூலுவில் நின்றபோது மேரி ஃபாஸ்டர் என்ற அம்மையாரைச் சந்தித்தார். தன் கோபத்தை எப்படி அடக்குவது என்று கேட்கத்தான் அந்த அம்மையார் கப்பலுக்கு வந்தாராம். அன்று தொடங்கிய பழக்கத்தில் அவர் தன் வாழ்நாள் முழுக்கத் தர்மபாலரின் பணிகளுக்கு அள்ளிக் கொடுத்தார். பணம் திரட்டுவது பற்றிப் பாடம் எடுக்கிறவர்கள் கணக்கில் வராத சங்கதி இது. இதழாசிரியர் இதைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்குவது எனக்குத் தெரிகிறது. பெங்களூருக்கே வருகிறேன்.

தீக்காயத்துக்குப் போய் ஏன் கொடுக்க வேண்டும்? அங்கே செலவு எப்படி ஓடுகிறது என்று தெரிந்தால் விளங்கும். தீக்காயம்பட்ட ஒருவரைக் கொண்டுவந்ததும் டூட்டி டாக்டர் மனசுக்குள் கூட்டல் போடுவார். தலைக்கு 9 சதவீதம், ஒரு கைக்கு 9, ஒரு காலுக்கு 18, மார்பும் வயிறுமாக முன்பக்கம் 18, முதுகுப் பக்கம் 18, மிச்சம் 1. சின்னச் சின்னத் திட்டாக இருந்தால் நோயாளியின் உள்ளங்கையே அளவுகோல். விரல்களோடு சேர்த்து அது உடம்பில் ஏறக்குறைய 1 சதவீதம். சதவீதம் கிடைத்ததும் அதை உடல் எடையாலும் 4 மில்லியாலும் பெருக்குகிறார்கள். இதற்குப் பார்க்லேண்ட் கணக்கு என்று பெயர். 60 கிலோ எடையுள்ளவருக்கு 40 சதவீதம் வெந்திருந்தால் முதல் 24 மணி நேரத்தில் 9,600 மில்லி ரிங்கர் லாக்டேட் ஏற்ற வேண்டும். அரை லிட்டர் பாட்டிலாக எண்ணினால் ஏறக்குறைய 20. அதில் பாதி முதல் 8 மணி நேரத்துக்குள் போயாக வேண்டும்.

இந்த 8 மணி நேரம் ஆஸ்பத்திரி வாசலில் தொடங்குவதில்லை. தீப்பட்ட நொடியிலேயே தொடங்கிவிடுகிறது. கோலாரிலிருந்தோ ஓசூரிலிருந்தோ வண்டி பிடித்து வந்து சேர 3 மணி நேரம் போயிருந்தால், மீதி 5 மணி நேரத்துக்குள் அந்த 4,800 மில்லியையும் ஏற்றித் தீர்க்க வேண்டும். சிறுநீர் எவ்வளவு வருகிறது என்று மணிக்கு ஒருமுறை பார்த்துக் கூட்டியும் குறைத்தும் கொடுக்க, பக்கத்திலேயே ஒரு நர்ஸ் நிற்க வேண்டும். தீக்காயக்காரரை மற்ற நோயாளிகளோடு போட்டால் கிருமி தொற்றிக்கொள்ளும், அதனால் இடமும் தனியாக வேண்டும். கேஷுவால்ட்டியும் வார்டும் ஒரே கூரையின் கீழ் ஒன்றாக இயங்க வேண்டிய நோய் இது. அந்தப் பெயரை வைத்தவர் யாரானாலும் விஷயம் தெரிந்து வைத்திருக்கிறார்.

பெங்களூருக்குத் தீயின் நினைவும் உண்டு. 1981 பிப்ரவரி 7 அன்று வீனஸ் சர்க்கஸ் கூடாரம் எரிந்தது. இறந்தவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள். அந்தத் தலைமுறை பெங்களூர்க்காரர்களிடம் சர்க்கஸ் என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறிவிடும்.

மற்ற கொடைகள் எங்கே போயின என்று பார்த்தால் மகாபோதியின் அருமை இன்னும் புரியும். நம்மவர்கள் நிறைந்திருந்த கண்டோன்மெண்ட் பக்கம் வாருங்கள். சிவாஜிநகர் பவுரிங் ஆஸ்பத்திரி 1868இலிருந்து இருக்கிறது, கமிஷனர் பவுரிங்கின் பெயரில். அதே சிவாஜிநகரில், பர்தா அணிந்த பெண்கள் தயங்காமல் வந்து பிள்ளை பெற்றுக்கொள்ள ஹாஜி சர் இஸ்மாயில் சேட் கோஷா ஆஸ்பத்திரியைக் கட்டிக்கொடுத்தார், 1925இல் திறந்தது. தாது வருடப் பஞ்சத்துக்குப் பிறகு கே.ஆர். புரம் பக்கம் தன் பணத்தைக் கொட்டி ஏரி வெட்டிய வெற்றிலை வியாபாரி மல்லப்ப செட்டி ஆஸ்பத்திரிக்குக் கொடுத்ததும் பிரசவத்துக்குத்தான். பிறப்புக்குக் கொடுக்க மனசு வருகிறது. தன் மகளும் மருமகளும் போகப்போகிற இடம் அது.

பயத்துக்கும் கொடுப்பார்கள், அந்தப் பயம் முன்கூட்டியே தெரிந்ததாக இருந்தால். 2011இல் இலங்கையின் தென்கோடி தெய்வேந்திர முனையிலிருந்து வடகோடி பருத்தித்துறை வரை 27 நாள் நடந்தார்களே, தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்காக? சிங்களவரும் தமிழரும் சேர்ந்து நடந்த நடை அது. புற்றுநோய் என்றால் எல்லோர் வீட்டிலும் ஒரு பெயர் இருக்கும். இருதயமும் அப்படித்தான். நடிகர் புனித் ராஜ்குமார் 2021 அக்டோபர் 29 அன்று திடீரென்று இறந்ததும் பெங்களூர் ஜெயதேவா இருதய ஆஸ்பத்திரி வாசலில் பரிசோதனைக்குக் கூட்டம் அலைமோதியது. சில வாரங்களில் அதே வளாகத்தில் இன்ஃபோசிஸ் அறக்கட்டளை 100 கோடி ரூபாய்க்கு மேல் போட்டுக் கட்டிய 350 படுக்கைக் கட்டடம் திறந்தது. அது முன்பே தொடங்கிய வேலை, இரண்டுக்கும் முடிச்சுப் போட வேண்டாம். ஆனால் மாரடைப்பு வந்தவருக்குத் தாலுகா ஆஸ்பத்திரியிலேயே ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடும் கர்நாடக அரசுத் திட்டம் 2023இல் வந்தபோது புனித் பெயரையே தாங்கி வந்தது.

விபத்துக்குத்தான் ஆளில்லை. லாரியில் அடிபட்டுக் கிடக்கப்போகிறோம் என்று யாரும் தன்னை நினைத்துப் பார்ப்பதில்லை. கேஷுவால்ட்டியில் யாரும் தங்குவதுமில்லை. நாலைந்து மணி நேரத்தில் வார்டுக்கோ தியேட்டருக்கோ வீட்டுக்கோ போய்விடுவார்கள். பலகையில் இருக்கிற பெயரைப் படித்து வாழ்த்த எவருக்கும் பொழுதில்லை. உச்ச நீதிமன்றம் 1989இல் பரமானந்த் கட்டாரா வழக்கில், போலீஸ் சடங்குகள் முடியட்டும் என்று காத்திராமல் முதலில் உயிரைக் காப்பாற்று என்றது. அப்படி உள்ளே வருகிறவரிடம் பர்ஸும் இருக்காது, பெயர் சொல்ல நினைவும் இருக்காது. கொடையாளர் கண்ணுக்கு முகமே தெரியாத நோயாளி அவர்.

கொடுக்க முன்வருகிறவர்களும் இடத்தைத்தான் பெரிதாக்கப் பார்க்கிறார்கள். ஸ்ட்ரெச்சர் 20 போடுகிற ஹாலை 40 ஆக்கு, ரிப்பன் வெட்டு. கேஷுவால்ட்டி நெரிசலுக்குப் பெரிய காரணம் அந்த ஹாலில் இல்லை. மேலே வார்டில் படுக்கை காலியாகாததால் அட்மிஷன் எழுதிய நோயாளி கீழேயே கிடக்கிறார். வடிகால் அடைத்த தொட்டியை அகலமாக்கி என்ன பயன்? ராத்திரி இரண்டு மணிக்கு ஸ்கேன் எடுக்க ஆள், மயக்க மருந்து டாக்டர், தீவிர சிகிச்சையில் கூடுதல் படுக்கை: இவற்றுக்குக் கொடுத்தால் ஹாலை இடிக்காமலே இடம் பிறக்கும். சம்பளத்தின் மேல் கல்வெட்டு பதிக்க முடியாது என்பதுதான் சங்கடம். விக்டோரியா இருக்கிற பெங்களூர் மருத்துவக் கல்லூரி வளாகத்தைப் பெரிதாக்க மத்திய அரசின் பிரதம மந்திரி ஸ்வாஸ்த்ய சுரக்ஷா திட்டத்தில் பணம் வந்தது; நம் சேலம் அரசு மருத்துவக் கல்லூரியும் அதே பட்டியல்தான். அரசுக் கட்டடங்கள் பற்றி இந்தத் தொடரில் இதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

மகாபோதிக்குத் தொடர்ச்சி உண்டு என்பதைச் சொல்லாமல் முடிக்க மாட்டேன். 2016இல் ரோட்டரி சங்கத்தாரும் ஆசீர்வாத் நிறுவனமும் சேர்ந்து விக்டோரியாவில் தோல் வங்கி அமைத்தார்கள். கர்நாடகத்தில் அதுதான் முதல். பாதி உடம்பு வெந்தவருக்கு ஒட்டவைக்க அவர் உடம்பிலேயே தோல் மிச்சமிருக்காது. இறந்தவரிடமிருந்து எடுத்த தோலைச் சில வாரங்களுக்கு மேலே போர்த்தினால் நீர் வடிவது நிற்கும், கிருமி நுழையாது, வலி அடங்கும். அதற்குள் உயிர் தேறிக்கொள்ளும். ரத்த வகை பொருந்த வேண்டியதில்லை. எடுப்பதும் தொடையிலும் முதுகிலும் மேலாக ஒரு மெல்லிய ஏடு மட்டும். ரத்தம் கொட்டாது, கட்டுப் போட்டு உடலை வீட்டாரிடம் கொடுத்துவிடுகிறார்கள், முகத்தைத் தொடுவதில்லை. கிளிசரினில் 5 வருடம் வரை வைத்திருக்கலாம். இறந்து 6 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்பதுதான் ஒரே அவசரம். கண் தானத்தை ஏற்றுக்கொண்டுவிட்ட நம் வீடுகளில் தோல் என்றதும் இன்னும் முகம் சுளிக்கிறார்கள். காசில்லாதவரும் கேஷுவால்ட்டிக்குக் கொடுக்கக்கூடிய கொடை இது. வீட்டில் ஒருமுறை பேசி வைத்துவிடுங்கள்.

மிலாப் அடுத்த வாரம், கட்டாயம். ஒரு நோயாளியின் புகைப்படத்துக்குக் கொட்டுகிற பணம் ஏன் ஒரு வார்டுக்குக் கொட்டுவதில்லை என்பதையும் அங்கேயே வைத்துக்கொள்வோம். அதற்குள் ஓர் உதவி: உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் கேஷுவால்ட்டி வாசலில் கொடையாளர் பெயர் பொறித்த கல் இருந்தால் படம் எடுத்து இதழ் முகவரிக்கு அனுப்புங்கள். பிரசவ வார்டுக் கல் வேண்டாம். அது நிறைய வந்து குவிந்திருக்கிறது.