சூரியகாந்தி இளநாற்றைக் கீரையாக உண்ணல்

சூரியகாந்தியை எண்ணெய் வித்தாகவே நம் குடியானவர்கள் அறிவர். 1969-ஆம் ஆண்டில் ருஷ்ய தேசத்து ரகங்கள் தருவிக்கப்பட்ட பின்னரே அது இந்நாட்டில் எண்ணெய்ப் பயிராகப் பரவலாயிற்று. அதன் விதை முளைத்து, வித்திலைகள் இரண்டும் விரிந்த பருவத்தில் தண்டோடு அறுத்துப் பச்சையாகவே உண்ணலாம் என்பது பலர் அறியாதது. நகரங்களில் மைக்ரோகிரீன் என வழங்கும் இதனை முளைக்கீரை என்றால், தோட்டத்து முளைக்கீரையோடு மயக்கம் உண்டாகும். ஆகையால் இளநாற்று என்றே குறிப்போம்.

ஜெகதாப்பட்டினம் போன்ற கரையோர ஊர்களில் மீனுக்குக் குறைவில்லை. கிணற்று நீர் உவர்த்த மனைகளில் கீரைப் பாத்தி போடுவதே கஷ்டம். இளநாற்றுக்கோ தாழ்வாரத்தில் ஒரு தட்டும் சிறிது நன்னீரும் போதும். உவர்நீரில் முளைப்புக் குன்றுமாதலால் சேமித்த மழைநீரையோ குடிநீரையோ உபயோகித்தல் நலம்.

விதையைப் பற்றி மிக்க எச்சரிக்கை தேவை. விதைப்புக்கென விற்கப்படும் சூரியகாந்தி விதை பெரும்பாலும் பூசண நாசினியும் பூச்சி மருந்தும் கலந்து, சாயமிடப்பட்டிருக்கும். எத்தனை முறை கழுவினும் அது உணவுக்கு ஆகாது. மருந்திடாத, சொந்தக் களத்து விதையே தக்கது. ஒட்டு ரகத்தின் மணி மறு சாகுபடிக்கு உதவாதெனினும் இதற்குத் தடையில்லை. அறுவடையானவுடன் விதை சரிவர முளைக்காது. சுமார் ஒன்றரை மாதம் அதன் உறக்கம் நீங்கப் பொறுத்திருத்தல் வேண்டும். கிராம நிர்வாக அலுவலர்கள் இவ்விதை விஷயத்தைப் பெண்டிர் குழுக்களுக்கு எடுத்துரைப்பார்களாக.

விதையை ஓர் இரவு ஊறவைத்து, தென்னைநார்த் தூளோ மக்கிய எருவோ நிரப்பிய, அடியில் துளையுள்ள தட்டில் ஒன்றன்மேலொன்று ஏறாதவாறு நெருக்கமாகப் பரப்புக. மேலே மற்றொரு தட்டைக் கவிழ்த்துச் சிறு பாரம் வைத்து மூன்று நாள் இருளில் வைத்தால் வேர் ஊன்றும். பிறகு வெளிச்சத்துக்கு மாற்றுக. எட்டாம் நாள் முதல் பன்னிரண்டாம் நாளுக்குள் அறுக்கலாம். மெய்யிலை தலைகாட்டிவிட்டால் சொரசொரப்பும் கசப்பும் ஏறிவிடும். இங்கே ஒரு நாள் சோம்பலும் ருசியைக் கெடுக்கும். ஒட்டிய தோலைக் கையால் நீக்கி விடுக.

வித்திலை தடித்து, கடிக்க மொறுமொறுப்பாய், வேர்க்கடலையின் பசுமணத்தை ஒத்த சுவையுடையது. சின்ன வெங்காயமும் எலுமிச்சைச் சாறும் சேர்த்துப் பிசறலாம். தயிர்ப் பச்சடியிலும் இடலாம். மீன் குழம்பை இறக்கியபின் மேலே தூவினால் காரத்துக்கு இதமாயிருக்கும். கொதிக்கவிட்டால் 'சி' ஜீவசத்து பெரிதும் வீணாகும். அச்சத்தோ, அரிசியிலும் பருப்பிலுமுள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்கத் துணைசெய்வது; சோகை மிகுந்த நம் மாதர்க்கு இதுவே முக்கியப் பலன்.

2012-இல் அமெரிக்க விஞ்ஞானிகள் 25 வகை இளநாற்றுக்களைச் சோதித்தபோது, செங்கோசு நாற்றில் 'சி' சத்து மிகுந்திருக்கக் கண்டனர். சூரியகாந்தி அந்த வரிசையில் இல்லை. எனவே அவ்வெண்களை இதற்குச் சூட்டி, சர்வரோக நிவாரணியென விற்போர் சொல்லை நம்பலாகாது.

பச்சையாய் உண்பதால் சுத்தம் இன்றியமையாதது. 2011-இல் ஜெர்மனியில் அசுத்தமான வெந்தய முளையால் ஐம்பதின்மருக்கு மேல் மாண்டனர். பச்சைச் சாணம், ஆட்டெரு ஆகியவற்றைத் தட்டில் இடாதீர். மண்ணுக்கு மேலே அறுத்து, நன்னீரில் அலசி, ஈரம் வடித்து அன்றைக்கே உண்ணுக.