கணினியின் அமைப்புக் குறிப்பும் மனிதக் கண்ணும்

கண்டிக்கு அண்மையிலுள்ள பேராதனைச் சந்தியில் இருப்புப்பாதை இரண்டாகப் பிரிகின்றது. ஒன்று கண்டி நகருக்குச் செல்வது. மற்றையது நாவலப்பிட்டி வழியாகப் பதுளைக்குச் செல்வது. எந்த வண்டி எப்பக்கம் திரும்பும் என்பதை நேர அட்டவணை தெளிவாகக் கூறாவிடின், பிரயாணி தவறான வண்டியில் ஏறிவிடுவார். வண்டியிலும் பழுதில்லை, பாதையிலும் பழுதில்லை. பழுது எழுத்திலேயே உள்ளது.

நேயர்களே, கணினி உலகிலும் இத்தகைய பழுது உண்டு. ஒரு மென்பொருள் எந்தத் தரவுத்தளத்தை நாடவேண்டும், எந்த முகவரியில் இயங்கவேண்டும் என்பனவற்றை அறிவிக்கும் ஏட்டினை அமைப்புக் குறிப்பு எனலாம். மென்பொருளை ஆக்குபவர் ஒருவர். இக்குறிப்பைத் திருத்துபவர் பெரும்பாலும் வேறொருவர். வங்கியிலோ வைத்தியசாலையிலோ நள்ளிரவில் கணினி நின்றுவிட்டால், கடமையிலிருப்பவர் திறந்து பார்ப்பது இந்த ஏட்டைத்தான். அது அவருக்கு விளங்காவிடின், காத்திருக்கும் மக்களே துன்புறுவர்.

சஞ்சீவ வீரவரண முதலியோர் 2005இல் தொடங்கிய டபிள்யூ.எஸ்.ஓ.2 என்பது இலங்கையில் வளர்ந்து உலகெங்கும் அறிமுகமான மென்பொருள் நிறுவனமாகும். அதன் மென்பொருள்களுக்குரிய குறிப்புகள் நெடுங்காலம் எக்ஸ்.எம்.எல். என்னும் முறையில் எழுதப்பட்டன. 1998இல் நியமமாக வெளிவந்த அம்முறையில், ஒவ்வொரு செய்திக்கும் முன்னே ஒரு பெயரைக் கூர்ங்குறிகளுக்குள் எழுதி, முடிவில் அதே பெயரை மீண்டும் எழுதுவது வழக்கம். கணினிக்கு இதில் ஐயமில்லை. மனிதக் கண்ணுக்கோ, குறிகள் மலிந்து செய்தி மறைந்துவிடுகின்றது. போதாக்குறைக்குக் குறிப்புகள் பல கோப்புகளில் சிதறிக் கிடந்தன.

2019இல் அந்நிறுவனம் தன் முக்கிய மென்பொருள்களில் இதனை மாற்றியமைத்தது. டொம் பிரெஸ்டன்-வேர்னர் என்பவர் 2013இல் வெளியிட்ட டொமல் என்னும் எளிய முறை தெரிந்தெடுக்கப்பட்டது. அதில் இடப்புறம் பெயர், நடுவே சமக்குறி, வலப்புறம் பெறுமானம், அவ்வளவே. சிதறிக் கிடந்தவை ஒரே கோப்பினுள் வந்தன. வழமையான பெறுமானங்களை எழுதவேண்டியதில்லை. மாற்ற விரும்புவனவற்றை மாத்திரம் எழுதினாற் போதும்.

பழைய கோப்புகள் என்னவாயின? அவை அழிக்கப்படவில்லை. மென்பொருள் தொடங்கும்போது, புதிய கோப்பினைப் படித்துப் பழைய கோப்புகளைத் தானே எழுதிக்கொள்கின்றது. சுமையான வேலை மனிதனிடமிருந்து இயந்திரத்துக்கு மாறியது. ஆயின், பழக்கத்தால் பழைய கோப்பினை நேரே திருத்துபவரின் உழைப்பு, மறுமுறை தொடங்கும்போது வீணாகக்கூடும்.

புதிய முறைக்கும் குறையுண்டு. ஒன்றனுள் ஒன்றாகப் பல அடுக்குகள் கொண்ட செய்தியை டொமலில் எழுதினால், நீண்ட தலைப்புகள் பெருகித் தெளிவு குன்றும். எம்முறையும் எல்லாவற்றிற்கும் பொருந்துவதில்லை.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கணினிப் பொறியியல் பயிலும் மாணவர், நாளை பிறர் வாசிக்கும் ஏடுகளை எழுதப்போகின்றவர். இயந்திரம் ஏற்றுக்கொண்டது என்பதோடு அவர்கள் பணி முடிவதில்லை. முன்பின் அறியாத ஒருவர் நள்ளிரவில் அதனைத் திறந்து, தடுமாறாது வாசிக்க முடிகிறதா என்பதே தகுந்த சோதனையாகும்.