குரலுக்குத் துணை ஒரு செவி

1935 நவம்பரில் லண்டனில் பார்வையற்றவர்களுக்காகப் 'பேசும் புத்தகங்கள்' வெளிவந்தன. முதலில் வந்த நாவல்களில் ஒன்று அகதா கிறிஸ்டியின் துப்பறியும் கதை. இன்னொன்று ஜோசப் கான்ராட் எழுதிய 'டைஃபூன்'. எழுபது ஆண்டுகள் கழித்து, 2005 ஆகஸ்டில், கனடாவின் மான்ட்ரியால் நகரில் ஹியூ மெக்குவயர் 'லிப்ரிவாக்ஸ்' என்ற தன்னார்வ ஒலிநூல் முயற்சியைத் தொடங்கினார். அவர் முதலில் கையில் எடுத்ததும் கான்ராட் நாவல்தான்: 'தி சீக்ரெட் ஏஜென்ட்'. பதின்மூன்று அத்தியாயங்களையும் தன்னார்வலர்கள் தங்களுக்குள் பிரித்துக்கொண்டு அவரவர் வீட்டிலிருந்தே படித்துப் பதிந்தார்கள்.

இரண்டு முறையும் கான்ராட் வந்தது தற்செயல். ஆனால் இந்த இரண்டு பதிவுகளுக்கும் நடுவே என்னவெல்லாம் மாறிற்று, எது மாறவில்லை என்பதை யோசித்துப் பார்த்தால், நாம் அதிகம் பேசாத ஒருவர் கண்ணுக்குத் தெரிவார். படிப்பவரைச் சொல்லவில்லை. படித்ததை முதலில் கேட்டுப் பிழை சொல்பவரைச் சொல்கிறேன். அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பவர் போல, இவர் மெய்ப்புக் கேட்பவர்.

லண்டன் பதிவுகள் பிறந்ததற்குப் பின்னால் முதல் உலகப் போர் இருக்கிறது. அந்தப் பதிவு முயற்சியை முன்னின்று நடத்திய இயன் ஃபிரேசர் 1916இல் சோம் போர்க்களத்தில் குண்டடிபட்டுப் பார்வை இழந்தவர். போரில் கண்ணிழந்து திரும்பிய இளைஞர்கள் பலருக்கு பிரெய்ல் கைவரவில்லை. சிறுவயதில் பழகிய விரல் வேறு, வளர்ந்தபின் பழகத் தொடங்கும் விரல் வேறு. அவர்களுக்குப் புத்தகம் காது வழியாகத்தான் வந்தாக வேண்டியிருந்தது.

பேசும் புத்தகங்கள் வந்த இசைத்தட்டுகள் பன்னிரண்டு அங்குலம். சாதாரணத் தட்டில் நாலைந்து நிமிடம்தான் ஓடும். இவற்றை மெதுவாகச் சுழலவைத்து ஒரு பக்கத்துக்கு 25 நிமிடம் வரை இழுத்தார்கள். 'டைஃபூன்' சிறிய நாவல் என்பதால் நான்கு தட்டுகளில் அடங்கிவிட்டது. வழக்கமான ஒரு நாவலுக்குப் பத்துத் தட்டுகள் ஆயின. அந்த நான்கு தட்டுகளும் காணாமல் போய்விட்டன என்றே பலகாலம் எண்ணியிருந்தார்கள். பேசும் புத்தகங்களின் வரலாற்றை ஆராயும் மேத்யூ ரூபரி என்ற லண்டன் பேராசிரியர் 2016இல் அவை கனடாவில் ஒரு சேகரிப்பாளரிடம் இருப்பதைக் கண்டறிந்தார்.

தட்டில் பதிவதென்றால் நேராக வெட்டுவது. இருபத்து நான்காவது நிமிடத்தில் நாக்குப் புரண்டால் அந்தப் பக்கம் முழுவதையும் முதலிலிருந்து படிக்க வேண்டும். அதனால்தான் அன்று குரல் பழகிய தொழில்முறையாளர்களையே உட்காரவைத்தார்கள். ஆர்வம் மட்டும் உள்ள ஒருவருக்கு அந்த அறையில் இடமில்லை.

ஆர்வலர்களுக்குக் கதவு திறந்தது இன்னொரு போருக்குப் பிறகு. இரண்டாம் உலகப் போரில் பார்வை இழந்த அமெரிக்க வீரர்கள் அரசு உதவியோடு கல்லூரியில் சேர்ந்தார்கள். பாடப்புத்தகத்தை யார் படித்துக் காட்டுவது? அவர்களிடமிருந்து கடிதங்கள் நியூயார்க் பொது நூலகத்துக்கு வந்தன. அங்கே தொண்டு செய்துகொண்டிருந்த ஆன் மெக்டொனால்டு 1948இல் தோழிகளைத் திரட்டி, நூலகத்தின் மேல்மாடியில் பதிவைத் தொடங்கினார். ஆறு அங்குலத் தட்டுகள், பக்கத்துக்குப் பன்னிரண்டு நிமிடம். ஒரு பொருளாதார நூலோ சட்ட நூலோ எத்தனை தட்டுகளைத் தின்றிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். சில ஆண்டுகளில் இந்த வேலை வேறு நகரங்களுக்கும் பரவிற்று.

டேப் வந்தபின் பதிவறைக்கு ஓர் ஒழுங்கு அமைந்தது. கண்ணாடித் தடுப்புக்கு உள்ளே படிப்பவர். வெளியே, அதே புத்தகத்தின் இன்னொரு படியைக் கையில் வைத்து வரிவரியாகத் தொடர்பவர். உள்ளிருப்பவர் ஒரு சொல்லை விட்டால் வெளியிருப்பவர் கையை உயர்த்துவார். டேப் பின்னோக்கி ஓடும். விட்ட இடத்திலிருந்து மறுபடி படிப்பு. பிழை பிறந்த அரை நிமிடத்திலேயே திருத்தப்பட்டது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, ஒரே தேநீர் இடைவேளையில் எழுந்து போனார்கள்.

நம் ஊரிலும் இதன் எளிய வடிவம் இருந்தது. கல்லூரிகளில் பார்வையற்ற மாணவர்களுக்காக விடுதித் தோழர்களும் அக்கம்பக்கத்துப் பெண்களும் கேசட்டில் பாடம் படித்துக் கொடுத்தார்கள். அங்கே பதிவறையும் கண்ணாடியும் இல்லை. விசிறிச் சத்தமும் தெருவில் போகிற காய்கறி வண்டிக்காரரின் குரலும் சேர்ந்தே பதிவாயின. அந்தக் கேசட்டுகளைக் கேட்டுத் தேர்வெழுதித் தேறியவர்கள் இருக்கிறார்கள். அந்த உழைப்பை எந்த வரலாற்றுப் புத்தகமும் எழுதி வைக்கவில்லை என்பதில் எனக்குத் தீராத வருத்தம் உண்டு.

இன்று லிப்ரிவாக்ஸில் ஒரு நாவல் எப்படி உருவாகிறது? புத்தகத்தின் எழுத்து வடிவம் பெரும்பாலும் இலவச மின்னூல்கள் தரும் குட்டன்பர்க் திட்டத்திலிருந்து வருகிறது. அதுவும் தன்னார்வலர்கள் மெய்ப்புப் பார்த்துக் கொடுத்ததுதான். ஒருவர் ஒருங்கிணைப்பாளராக நின்று அத்தியாயங்களைப் பகிர்ந்து கொடுப்பார். புதியவர்கள் முதலில் ஒரு நிமிடம் மாதிரி படித்து அனுப்ப வேண்டும். சோதனை குரலுக்கல்ல, கருவிக்கு. மைக் இரைகிறதா, ஒலி தாழ்ந்திருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். ஒலி அளவு 89 டெசிபல் அருகில் இருக்க வேண்டும். அத்தியாயம் முடிந்தபின் ஐந்து விநாடி மௌனம் விட வேண்டும். அது இல்லாவிட்டால் ஒரு அத்தியாயத்தின் கடைசிச் சொல்லும் அடுத்ததன் முதல் சொல்லும் மோதிக்கொள்ளும். 'ஆடாசிட்டி' போன்ற இலவச மென்பொருளும் ஒரு சாதாரண மைக்கும் இருந்தால் வேலை நடக்கும். முடிந்த நூல்கள் இன்டர்நெட் ஆர்க்கைவில் சேர்கின்றன. யாரும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம்.

படித்தவர் கோப்பை அனுப்பிய பிறகுதான் மெய்ப்புக் கேட்பவரின் வேலை தொடங்குகிறது. கண்ணாடிக்கு அப்பால் இருந்தவர் இன்று இன்னொரு கண்டத்தில் இருக்கலாம். டெக்சாஸில் ஒருவர் நள்ளிரவில் படித்ததை மான்செஸ்டரில் இன்னொருவர் காய்கறி நறுக்கியபடி கேட்கலாம். சொல்லுக்குச் சொல் சரியாக இருக்க வேண்டிய நூலென்றால் அது முடியாது. எழுத்தைத் திரையில் வைத்துக்கொண்டு வரி பிடித்துத்தான் போக வேண்டும். அவர் எழுதும் குறிப்பு ஏறத்தாழ இப்படி இருக்கும்: 12:43, வாக்கியம் இரண்டு முறை வருகிறது. 21:07, பின்னால் நாய் குரைக்கிறது, பேச்சை மறைக்கவில்லை, விட்டுவிடலாம். 26:30, ஒரு பத்தி விடுபட்டுள்ளது.

விடுபட்ட பத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். படிப்பவர் சோம்பலால் அதை விடுவதில்லை. ஒரு பத்தியும் அடுத்த பத்தியும் ஒரே சொல்லில் முடிந்தால் கண் முதலாவதிலிருந்து இரண்டாவதன் முடிவுக்குத் தாவிவிடும். ஏட்டைப் பார்த்துப் பெயர்த்தெழுதிய நம் முன்னோருக்கும் இதே பிழை நேர்ந்திருக்கிறது. பழைய நூல்களைப் பதிப்பித்தவர்கள் பல சுவடிகளை ஒப்பிட்டதற்கு அதுவும் ஒரு காரணம். படித்தவருக்குத் தாம் விட்டது தெரியவே தெரியாது. தம் குரலைத் தாமே திரும்பக் கேட்டாலும், மனம் அறிந்த கதை ஓட்டத்தில் அந்த இடைவெளி மறைந்துவிடும். இன்னொருவர் செவிதான் அதைப் பிடிக்கும்.

குறிப்பு படித்தவரிடம் திரும்பி வருகிறது. அதற்குள் ஒரு வாரம் ஆகியிருக்கும். இப்போது அந்த ஒரு பத்தியை மட்டும் படித்து நடுவே ஒட்ட வேண்டும். சொல்வதற்கு எளிது. அன்று சளி இல்லை, இன்று இருக்கிறது. அன்று ஜன்னல் மூடியிருந்தது, இன்று திறந்திருக்கிறது. ஒட்டிய இடத்தில் குரல் திடீரென்று வேறொரு அறைக்குள் நுழைந்தது போலக் கேட்கும். அனுபவமுள்ளவர்கள் முந்தைய சில வாக்கியங்களைக் காதில் ஓடவிட்டு, அந்தத் தொனியைப் பிடித்துக்கொண்டு படிப்பார்கள். கண்ணாடிக்கு இருபுறமும் இருவர் இருந்த காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. தொலைவு வந்ததற்குக் கொடுத்த விலை இது.

ஆனால் அந்தத் தொலைவுதான் கதவையும் அகலத் திறந்தது. அன்று பதிவறை உள்ள ஊரில் இருப்பவர் மட்டும் படிக்க முடிந்தது. குரல் தேர்வும் இருந்தது. இன்று லிப்ரிவாக்ஸில் உச்சரிப்புக்காகவோ பாணிக்காகவோ எவரையும் ஒதுக்குவதில்லை. அதனால் மெய்ப்புக் கேட்பவருக்கும் ஒரு வரம்பு உண்டு. பிழை சொல்லலாம், 'இன்னும் உணர்ச்சியோடு படித்திருக்கலாமே' என்று சொல்லக் கூடாது. பலர் சேர்ந்து படிக்கும் நாவலில் முதல் அத்தியாயம் அமெரிக்கக் குரலிலும் அடுத்தது இந்தியக் குரலிலும் வருவது கேட்பவர்கள் சிலருக்குப் பிடிப்பதில்லை. அந்தக் குறையை நான் மறுக்கவில்லை. ஒரே குரலில் முழு நாவல் வேண்டுவோருக்கு அப்படிப்பட்ட பதிவுகளும் ஏராளமாக உண்டு. ஆனாலும் திக்கித் தொடங்கிய ஒருவர் பத்துப் புத்தகம் தாண்டியபின் தேர்ந்த கதைசொல்லியாவது இந்தத் திறந்த கதவால்தான். முதல் நாளே தேர்வு வைத்திருந்தால் அந்தக் குரல் நமக்குக் கிடைத்திராது. இந்த விதி சரியென்பதே என் முடிவு.

கேட்பவர்களும் மாறிவிட்டார்கள். 1930களில் அமெரிக்கப் பதிப்பாளர்கள் பேசும் புத்தகங்களுக்கு இசைந்தது, பார்வையற்றவர் தவிர வேறெவரும் கேட்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. படித்தவருக்குத் தாம் யாருக்காகப் படிக்கிறோம் என்பது தெரிந்திருந்தது. இன்று லிப்ரிவாக்ஸ் பதிப்புரிமைக் காலம் முடிந்த நூல்களை மட்டுமே எடுப்பதால் யாரும் கேட்கலாம்: லாரி ஓட்டுபவர், இரவில் தூக்கம் வராதவர், ஆங்கிலம் கற்பவர், கண்புரைக்காக மருத்துவமனையில் காத்திருக்கும் பாட்டி. 1998இல் அமெரிக்கா உரிமைக்காலத்தை இருபது ஆண்டு நீட்டியதால், 1922 வரை வெளிவந்தவற்றோடு எல்லை நின்றுபோனது. லிப்ரிவாக்ஸ் பிறந்தபோதும் அதுதான் நிலை. 2019இல் தடை விலகியபின் ஆண்டுதோறும் ஜனவரி முதல் நாள் ஓராண்டு நூல்கள் விடுதலை பெறுகின்றன. 2021இல் 'தி கிரேட் கேட்ஸ்பி' வந்தது. 2025இல் ஃபாக்னரின் 'தி சவுண்ட் அண்ட் த ஃபியூரி' வந்தது.

இயந்திரக் குரலும் வந்துவிட்டது. 2023இல் குட்டன்பர்க் திட்டமும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து ஏறக்குறைய ஐயாயிரம் நூல்களைச் செயற்கைக் குரலில் வெளியிட்டன. இனி மனிதர் எதற்கு என்று கேட்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கணினிக்குப் பேச்சைப் புரிந்துகொள்ளக் கற்பிக்க உலகெங்கும் பயன்படும் 'லிப்ரிஸ்பீச்' என்ற தொகுப்பு 2015இல் வந்தது. ஏறத்தாழ ஆயிரம் மணி நேரப் பேச்சு. அத்தனையும் லிப்ரிவாக்ஸ் தன்னார்வலர்கள் படித்தவை. தங்கள் குரலைப் பொதுவுக்கு விட்டுக்கொடுத்ததால் யாரும் அவர்களிடம் கேட்க வேண்டியிருக்கவில்லை. இயந்திரத்துக்குக் காது கொடுத்ததே இந்த மனிதர்கள்தான். இயந்திரம் வரியை விடாது, உண்மை. ஆனால் ஒரு பெயரை நாவல் முழுக்கத் தவறாக உச்சரித்தாலும் அதற்குத் தெரியாது. அங்கேயும் கேட்டுச் சொல்ல ஒருவர் வேண்டும். லிப்ரிவாக்ஸ் இன்றும் மனிதக் குரலையே ஏற்கிறது.

அன்றும் இன்றும் மாறாதது ஒன்று. ஒரு மணி நேரப் பதிவைச் சரிபார்க்க ஒரு மணி நேரம் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். படிக்க முன்வருபவர்களைவிடக் கேட்க முன்வருபவர்கள் எப்போதும் குறைவு. படித்தவர் பெயராவது நூலின் தொடக்கத்தில் ஒலிக்கிறது. கேட்டவர் பெயர் ஒலிப்பதில்லை.

லிப்ரிவாக்ஸ் பல மொழிகளில் இயங்குகிறது. தமிழுக்கும் இடமுண்டு, ஆனால் ஆங்கிலத்தின் முன் அது மிகச் சிறியது. வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் வந்தது. அவரையடுத்து நாவல் எழுதிய ராஜமய்யரும் மாதவையாவும் மறைந்து நூறாண்டு ஆகிவிட்டது. இவர்கள் நாவல்களுக்கு உரிமைத் தடை ஏதும் இல்லை. மதுரைத் திட்டத்தின் தன்னார்வலர்கள் 1998 முதல் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து வைத்திருக்கிறார்கள். எழுத்துக்குச் செய்ததைக் குரலுக்கும் செய்ய வேண்டியதே பாக்கி. குரல் சரியில்லை என்று தயங்குகிறீர்களா? நீங்கள் படிக்க வேண்டாம். வாரத்துக்கு ஓர் அத்தியாயம், ஒரு ஹெட்ஃபோன், எதிரே புத்தகம். விட்டுப்போன வரியைக் குறித்து அனுப்புங்கள். இப்போது தேவைப்படுவது அந்தச் செவிதான்.