சின்னத் தொகைதானே என்று விட்டுவிடாதீர்கள்

ஆக்ராவில் டிசம்பர் மாதக் காலை. பத்தடி தூரத்தில் நிற்பவர் முகம் தெரியாத பனிமூட்டம். ஷில்ப்கிராமில் வேனை நிறுத்திவிட்டு, பேட்டரி வண்டியில் தாஜ்மகாலின் கிழக்கு வாசலுக்கு வந்து சேர்ந்தோம். அத்தை, மாமா, அவர்கள் மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் இருவர், நான் என்று ஏழு பேர். விருதுநகரிலிருந்து கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே அத்தை மகன் ஆன்லைனில் டிக்கெட் போட்டுவிட்டான். தலைக்கு 350 ரூபாய், மொத்தம் 2,450.

வாசலில் இருந்த கருவியில் போனைக் காட்டினான். சிவப்பு விளக்கு. திரையின் வெளிச்சத்தைக் கூட்டி மறுபடியும் காட்டினான். மறுபடியும் சிவப்பு. காவலர் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, ‘நக்லி’ என்றார். இந்தி தெரியாத அத்தைக்கும் புரிந்துவிட்டது. நகல் என்ற சொல் நம்மிடமும் உண்டே.

கவுண்டரில் போய் மறுபடி டிக்கெட் வாங்கினோம். பெரியவர்கள் ஐந்து பேருக்கு 1,250 ரூபாய். எட்டும் பதினொன்றும் வயதான பிள்ளைகளுக்குக் கட்டணமே இல்லை. அதாவது எங்களை ஏமாற்றிய இணையதளம், இலவசமாக உள்ளே போக வேண்டிய பிள்ளைகளுக்கும் சேர்த்தே பணம் வாங்கியிருந்தது.

“போனா போகுது, விடு. ரெண்டாயிரத்துக்கு யாரு அலையுறது?” என்றார் மாமா.

அன்று நான் பதில் பேசவில்லை. இப்போது பேசுகிறேன். இந்த ‘விடு’ என்ற ஒரு சொல்லை நம்பித்தான் போலி டிக்கெட் தளங்கள் பிழைக்கின்றன. லட்சம் போனால் காவல் நிலையம் போவோம். ரெண்டாயிரம் போனால் வாயை மூடிக்கொள்வோம். அது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

போலி எங்கே காத்திருக்கிறது?

சுற்றுலா இடத்தின் பெயரோடு ‘டிக்கெட்’ என்று சேர்த்துத் தேடினால் முதலில் வருபவை பெரும்பாலும் விளம்பரங்கள்தான். காசு கொடுத்தால் யாரும் அந்த இடத்தைப் பிடிக்கலாம். தாஜ்மகாலின் படம், தேசியக் கொடியின் வண்ணம், ‘அதிகாரபூர்வ முன்பதிவு’ என்ற வாசகம் எல்லாம் இருக்கும். பணம் கட்டியதும் கியூஆர் கோடு போட்ட ஒரு பிடிஎஃப் வந்துவிடும். வாசலுக்குப் போகும்வரை எந்தச் சந்தேகமும் வராது. அதற்குள் பல நாட்கள் ஓடிவிடும். முன்பதிவு மோசடியின் பலமே இந்த இடைவெளிதான். ஏமாந்தது தெரியவரும்போது பணம் பல கணக்குகள் தாண்டிப் போயிருக்கும்.

ஆகவே தேடலில் தொடங்காதீர்கள். ‘ஜிஓவி டாட் இன்’ என்று முடியும் அரசின் தளத்திலிருந்து தொடங்குங்கள். தாஜ்மகாலுக்கே அப்படி ஒரு தளம் உண்டு. இந்தியத் தொல்லியல் துறைக்கும் தனித் தளம் உண்டு. டிக்கெட் விற்கும் பக்கம் வேறு முகவரியில் இருக்கலாம் என்பதால், அரசுத் தளத்தில் உள்ள இணைப்பைத் தொட்டே அங்கே போங்கள். பணம் கட்டும் முன் முகவரியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். ஓர் எழுத்து கூடியிருக்கும், நடுவில் ஒரு கோடு முளைத்திருக்கும். போலியின் கைரேகை அதுதான்.

விதி தெரிந்தால் போலி தெரியும்

ஓர் இடத்தின் விதிகளை முன்கூட்டியே தெரிந்துகொண்டவரை ஏமாற்றுவது கடினம். தாஜ்மகாலையே எடுத்துக்கொள்வோம்.

வெள்ளிக்கிழமை பார்வையாளர்களுக்கு விடுமுறை. வெள்ளிக்கிழமைக்கு டிக்கெட் தருகிறேன் என்று ஒரு தளம் சொன்னால் அங்கேயே வெளியே வந்துவிடுங்கள். இதைவிட எளிய சோதனை கிடையாது. டெல்லி செங்கோட்டைக்குத் திங்கள்கிழமை விடுமுறை. அங்கும் இதே சோதனை செல்லும்.

இந்தியருக்கு நுழைவுக் கட்டணம் 50 ரூபாய். கல்லறை இருக்கும் மைய மண்டபத்துக்குள் போக வேண்டுமானால் இன்னும் 200. 2018 டிசம்பரில் வந்த ஏற்பாடு இது. டிக்கெட் 3 மணி நேரத்துக்குச் செல்லும். 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. நம் மாமல்லபுரம் உட்பட, தொல்லியல் துறை கட்டணம் வாங்கும் எல்லா நினைவுச்சின்னங்களிலும் பிள்ளைகளுக்கு இந்தச் சலுகை உண்டு. வயதைக் காட்ட ஆதார் நகல் ஒன்று கையில் இருக்கட்டும்.

வெளிநாட்டில் வாழும் நம்மவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தாஜ்மகாலில் வெளிநாட்டவருக்கு 1,100 ரூபாய். ஆனால் சார்க், பிம்ஸ்டெக் நாட்டவருக்கு 540. இலங்கைத் தமிழர்கள் பாஸ்போர்ட்டைக் காட்டி இந்தக் கட்டணத்தைக் கேட்டு வாங்கலாம். ஓசிஐ அட்டை வைத்திருப்பவர்களுக்குத் தேசிய நினைவுச்சின்னங்களில் இந்தியருக்குரிய கட்டணமே பொருந்தும். தெரியாமல் கூடுதலாகக் கட்டிவிட்டுப் போகிறவர்கள் பலர்.

பௌர்ணமி இரவுப் பார்வைக்குத் தனி விதி. உச்ச நீதிமன்றத்தின் அனுமதியோடு 2004-இல் மீண்டும் தொடங்கியது. பௌர்ணமியன்றும், அதற்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு நாட்களிலுமாக மாதத்தில் 5 இரவுகள். வெள்ளிக்கிழமையிலும் ரமலான் மாதத்திலும் கிடையாது. ஓர் இரவுக்கு 400 பேர், 50 பேராக 8 குழுக்கள், ஆளுக்கு அரை மணி நேரம். இத்தனை குறைந்த எண்ணிக்கை இருக்கும் இடத்தில்தான் ‘எங்களிடம் கோட்டா இருக்கிறது’ என்று சொல்பவர்கள் முளைப்பார்கள். நம்பாதீர்கள்.

இடைத்தரகர் எல்லோரும் திருடர் அல்ல

வழிகாட்டி, வாகனம், நுழைவுச்சீட்டு எல்லாவற்றையும் சேர்த்து விற்கும் தனியார் செயலிகள் சட்டப்படியே தொழில் செய்கின்றன. அவர்கள் சேவைக் கட்டணம் வாங்குவது குற்றமாகாது. எதற்கு எவ்வளவு என்று மறைப்பதுதான் குற்றம். இங்கே நமக்குச் சட்டம் தந்திருக்கும் உரிமைகளைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2020-இல் மின்வணிக விதிகள் வந்தன. அவற்றின்படி, ஆன்லைனில் விற்பவர் வரி உட்பட மொத்த விலையை ஒரே தொகையாகக் காட்ட வேண்டும். அதில் எது எதற்கு என்ற விவரமும் இருக்க வேண்டும். நம் சம்மதத்தை அவர்களே டிக் செய்து வைத்திருக்கக் கூடாது. குறைதீர் அலுவலரின் பெயரும் தொடர்பு விவரமும் தளத்தில் இருக்க வேண்டும். புகார் கொடுத்தால் 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். குறைதீர் அலுவலர் யாரென்றே தெரியாத தளத்தில் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.

2023 நவம்பரில் மத்திய அரசு 13 வகை ஏமாற்று உத்திகளைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. டிக்கெட் வாங்கும்போது நாம் அடிக்கடி சந்திப்பவை மூன்று. ‘இன்னும் 2 டிக்கெட்தான், 4 நிமிடத்தில் முடிந்துவிடும்’ என்று பொய்யாக அவசரப்படுத்துவது முதலாவது. கேட்காமலே காப்பீட்டையோ நன்கொடையையோ பில்லில் சொருகுவது இரண்டாவது. முதலில் ஒரு விலை காட்டிவிட்டுப் பணம் கட்டும் பக்கத்தில் விலையை ஏற்றுவது மூன்றாவது. இவற்றைக் கண்டால் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பிறகு பேசப்போவது அந்தப் படம்தான்.

பணம் போய்விட்டால்

முதல் வேலை 1930-ஐ அழைப்பது. இது சைபர் நிதி மோசடிக்கான தேசிய உதவி எண். தமிழ்நாட்டிலிருந்தும் அழைக்கலாம், வெளியூரில் இருக்கும்போதும் அழைக்கலாம். ஊருக்குத் திரும்பிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாதீர்கள். பணம் போன கணக்கை முடக்கச் சொல்லி வங்கிகளுக்குத் தகவல் போகும் வழி இது. பணம் அந்தக் கணக்கில் இருக்கும்போதே தகவல் போனால்தான் பிடிக்க முடியும். ‘சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன்’ என்ற தளத்திலும் புகாரைப் பதிவு செய்யலாம். பரிவர்த்தனை எண், தேதி, தொகை, போலித் தளத்தின் முகவரி, வந்த பிடிஎஃப் எல்லாவற்றையும் அழிக்காமல் வைத்திருங்கள்.

அடுத்தது உங்கள் வங்கி. இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. அட்டை விவரத்தைத் திருடி உங்களுக்குத் தெரியாமல் யாரோ பணம் எடுத்திருந்தால், ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கை உங்களைக் காக்கும். உங்கள் மீதோ வங்கி மீதோ தவறில்லாத நிலையில், வங்கியின் தகவல் வந்த 3 வேலை நாட்களுக்குள் சொல்லிவிட்டால் உங்களுக்கு இழப்பே கிடையாது. நீங்களே ஓடிபி போட்டுக் கட்டிய பணத்துக்கு இந்தப் பாதுகாப்பு அப்படியே பொருந்தாது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். நீங்கள் வங்கிக்குத் தெரிவித்த பிறகு நடக்கும் இழப்பு வங்கியின் பொறுப்பு. போலித் தளத்தில் அட்டை விவரம் கொடுத்திருந்தால் உடனே அட்டையை முடக்குங்கள். அட்டையில் கட்டிய பணத்துக்கு ‘சேவை கிடைக்கவில்லை’ என்று வங்கியில் சார்ஜ்பேக் கேட்கலாம். 30 நாட்களில் வங்கியிடமிருந்து பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

நிஜமான நிறுவனம் ஏமாற்றியிருந்தால் அழைக்க வேண்டியது 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் தீரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஆக்ராவில் நடந்த குறைக்கு ஆக்ரா போக வேண்டியதில்லை. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம் என்பது 2019 சட்டம் தந்த பெரிய வசதி. கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமில்லை. வக்கீல் கட்டாயமில்லை. குறை நேர்ந்த நாளிலிருந்து 2 ஆண்டுகள் அவகாசம் உண்டு.

ஓர் எச்சரிக்கை. பணம் போன பதற்றத்தில் ‘கஸ்டமர் கேர்’ எண்ணை இணையத்தில் தேடாதீர்கள். அங்கேதான் இரண்டாவது திருடன் உட்கார்ந்திருக்கிறான். ‘ரீஃபண்ட் அனுப்புகிறேன், இந்தச் செயலியை இறக்குங்கள், பின் நம்பரைப் போடுங்கள்’ என்பான். யுபிஐயில் பணம் பெறுவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை.

புகார் என்ன செய்யும்?

ரோம் நகரத்தின் கொலோசியத்தில் சாதாரண டிக்கெட் 18 யூரோ. ஆனால் தளத்தில் அது கிடைப்பதே அரிதாக இருந்தது. அதே டிக்கெட் சுற்றுலா நிறுவனங்களிடம் வழிகாட்டியோடு சேர்த்துப் பல மடங்கு விலையில் கிடைத்தது. இத்தாலியின் போட்டி ஆணையம் 2023-இல் விசாரணையைத் தொடங்கியது. தானியங்கி மென்பொருள் கொண்டு டிக்கெட்டுகளை அள்ளிய சுற்றுலா நிறுவனங்களுக்கும், டிக்கெட் விற்பனையை நடத்திவந்த கூப்கல்ச்சர் என்ற அமைப்புக்கும் 2025 ஏப்ரலில் சுமார் 2 கோடி யூரோ அபராதம் விதித்தது. அதற்கிடையில், 2023 அக்டோபரிலேயே டிக்கெட்டில் பார்வையாளர் பெயரை அச்சிட்டு, வாசலில் அடையாள அட்டையைச் சரிபார்க்கும் முறையும் வந்தது. உள்ளே போக முடியாமல் திரும்பியவர்கள் அத்தனை பேரும் ‘போகட்டும்’ என்றிருந்தால் இதில் எதுவும் நடந்திருக்காது.

எங்கள் கதைக்கு வருகிறேன். அன்று இரவு டெல்லி திரும்பும் வேனில் அத்தை மகன் 1930-ஐ அழைத்தான். பணம் கட்டி ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. அந்தக் கணக்கில் மிச்சம் எதுவும் இல்லை. 2,450 ரூபாய் இன்றுவரை திரும்பவில்லை. கிடைத்தது ஒரு புகார் எண் மட்டும்.

அந்த எண்ணுக்கு மதிப்பு இருக்கிறது என்று நான் நம்புகிறேன். ஒரே வங்கிக் கணக்கின் மேல், ஒரே செல்போன் எண்ணின் மேல் புகார்கள் சேரும்போதுதான் அது தனி ஒருவரின் அசட்டுத்தனமாக இல்லாமல் ஒரு கும்பலின் தொழிலாகக் காவல்துறையின் கண்ணுக்குத் தெரிகிறது. எங்களுக்கு முன்னால் ஏமாந்தவர்களில் பத்துப் பேர் அப்படிப் பதிந்திருந்தால், நாங்கள் டிக்கெட் போட்ட அன்று அந்தக் கணக்கு முடங்கியிருக்கலாம். உங்கள் ரெண்டாயிரம் திரும்பாமல் போகலாம். அடுத்த குடும்பத்தின் ரெண்டாயிரமாவது மிஞ்சட்டும். அதற்காகவாவது அழையுங்கள்.